தொடா வெப்பநிலை அளவீடு: அகச்சிவப்பு உணரித் தேர்வும் கலைச்சொல் தெளிவும்

1. முன்னுரை

இரும்பைப் 'பழுக்கக் காய்ச்சுதல்' என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடராகும். காய் பழுக்கும்போது நிறம் மாறுவதுபோல் உலையிலிட்ட இரும்பும் நிறம் மாறுகிறது. அந்நிற மாற்றத்தைக் கொண்டே கொல்லர் சம்மட்டி கொண்டு அடித்தற்குரிய பதத்தை அறிந்தனர். பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் ஒளியைக் கொண்டு வெப்பநிலையை மதிப்பிடும் முறை இது. இன்றைய ஆலைகளில் இப்பணியை அகச்சிவப்பு உணரிகள் செய்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத கதிர்களையும் அவை உணர்வதால், பழுக்காத பொருளின் வெப்பநிலையையும் அவற்றால் அறிய முடிகிறது.

இக்கட்டுரையின் நோக்கம் இருவகைத்து. தொழிற்சாலையில் தொடா வெப்பநிலை அளவீட்டிற்குரிய உணரியைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குதல் முதலாவது. அவ்விளக்கத்தைத் தமிழில் தரும்போது எழும் சொற்பொருள் மயக்கங்களைச் சுட்டுதல் இரண்டாவது. இவ்விரண்டும் தனித்தனிப் பணிகள் போலத் தோன்றினும், கருவிக் கையேடுகளையும் பாதுகாப்பு அறிவிப்புகளையும் மொழிபெயர்ப்போர்க்கு அவை ஒன்றே எனலாம். இத்துறையில் சொல் பிழைத்தால் வாக்கியம் பிழைபடுவதில்லை. இலக்கணம் வழுவாமல் நின்றுவிடும். அதைப் படித்துக் கருவியை அமைப்பவர் பொய்யான எண்ணை மெய்யென்று கொண்டு, சுடும் பரப்பில் கைவைக்க நேரிடும். ஆகவே ஈண்டுச் சொல்லாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை.

இக்கட்டுரையில் 'உணரி' என்பது வில்லை, வடிகட்டி, மின்சுற்று ஆகியன அடங்கிய முழுக்கருவியையும், 'உணர்முனை' என்பது அதனுள்ளே கதிரை ஏற்று மின்குறியாக மாற்றும் சிறு பகுதியையும் குறிக்கும்.

2. அளவீட்டின் அடிப்படை

2.1 தொடு முறையும் தொடா முறையும்

'தொடா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எதனைத் தொடாமை என்னும் வினாவிற்கு விடையறிய, முதலில் தொடு முறையை நோக்குதல் வேண்டும். வெப்ப மின்னிரட்டை, மின்தடை வெப்பமானி போன்ற தொடு கருவிகள் உண்மையில் காட்டுவது தம்முடைய வெப்பநிலையையே. பொருளோடு ஒட்டியிருந்து, அதனோடு வெப்பச் சமநிலையை அடைந்த பின்னரே அவற்றின் வெப்பநிலை பொருளின் வெப்பநிலையாகக் கொள்ளப்படுகிறது. வெப்ப மின்னிரட்டைக்கு அடிப்படையான மின்விளைவை சீபெக் 1821இல் கண்டறிந்தார். இன்றும் ஆலைகளில் மிகுதியாகப் பயன்படும் கருவி அதுவே. மலிவானது, நம்பத்தக்கது. தொடுதல் இயலுமிடத்தில் தொடுமுறையைக் கைவிட வேண்டுவதில்லை.

தொடுதல் இயலாத நிலைகள் மூவகைப்படும். பொருள் ஓடிக்கொண்டிருத்தல் முதல்வகை. உருட்டாலையில் செல்லும் எஃகுத் தகடும் ஆலையில் ஓடும் தாளும் இதன்பாற்படும். பொருளை அணுகுதல் இடர்தருவதாயிருத்தல் இரண்டாம் வகை. உருகிய உலோகமும் மின்னோட்டமுள்ள கடத்திகளும் இத்தகையன. தொடுதலே பொருளைக் கெடுத்தல் மூன்றாம் வகை. மெல்லிய நெகிழிப் படலத்தின்மீது உலோக முனையை வைத்தால் படலம் கீறுபடும், அதன் வெப்பமும் முனைக்குச் சென்றுவிடும். இம்மூவகையிலும் தொடா முறை வேண்டப்படுகிறது.

2.2 கதிர்வீச்சு விதிகள்

வில்லியம் ஹெர்ஷல் 1800இல் கதிரவன் ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்திலும் வெப்பமானி ஏறக் கண்டார். அகச்சிவப்புக் கதிர் அறிவியலுக்கு அறிமுகமானது இவ்வாறே. கதிரை நன்கு உட்கவரும் பொருளே அதனை நன்கு உமிழவும் செய்யும் என்பதை கிர்க்காஃப் 1859-60 ஆம் ஆண்டுகளில் நிறுவினார். உமிழப்படும் மொத்த ஆற்றல் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கிற்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதை ஸ்டீபன் 1879இல் கண்டறிய, போல்ட்ஸ்மன் 1884இல் அதனைக் கோட்பாட்டு வழியில் நிறுவினார். வெப்பநிலை உயர உயர மிகுதியாக உமிழப்படும் அலைநீளம் குறையும் என்பது வீன் 1893இல் தந்த விதி. எல்லா அலைநீளங்களுக்கும் பொருந்தும் முழு விதியை பிளாங்க் 1900இல் அளித்தார்.

வீனின் விதி உணரித் தேர்வுக்கு நேரடியாகப் பயன்படுகிறது. கெல்வின் அளவிலான வெப்பநிலையால் 2898 என்னும் எண்ணை வகுத்தால், உச்ச உமிழ்வுக்குரிய அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். அறை வெப்பநிலையான 300 கெல்வினில் அது 9.7 மைக்ரோமீட்டர், 1000 டிகிரி செல்சியசில், அதாவது 1273 கெல்வினில், அது 2.3 மைக்ரோமீட்டர். பொருள் சூடேறச் சூடேற உமிழ்வு கட்புல ஒளியை நோக்கி நகர்கிறது. இருளில் பொருள்கள் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்குவது ஏறத்தாழ 525 டிகிரி செல்சியசில்; இதனை டிரேப்பர் 1847இல் கண்டறிந்தார். 'பழுத்தல்' என்னும் சொல் தொடங்கும் இடம் இதுவே எனக் கொள்ளலாம்.

தொடா முறை தொடுமுறையினும் தாழ்ந்தது என்று கருதுதலும் தவறு. 1990ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவுகோல், வெள்ளியின் உறைநிலையாகிய 961.78 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலைகளைப் பிளாங்கின் கதிர்வீச்சு விதியைக் கொண்டே வரையறுக்கிறது. அந்நிலைக்கு மேல் தொடா முறையே மூல முறையாகும்.

3. பெயரும் திசையும்

தமிழகத்தில் 'அகச்சிவப்பு' என்றும் 'புற ஊதா' என்றும் வழங்கும் இணையில் அகம், புறம் என்னும் எதிர்நிலை அமைந்துள்ளது. தமிழ் மரபுக்கு மிகவும் பழகிய இணையாதலால் இது எளிதில் நிலைபெற்றது. எனினும் சொற்பொருளை நோக்கின் ஒரு நெருடல் உண்டு. கட்புல நிறமாலையின் எல்லையிலிருந்து பார்த்தால் இரு கதிர்களுமே புறத்தன. ஒன்று சிவப்பிற்கு அப்பாலும், மற்றொன்று ஊதாவிற்கு அப்பாலும் உள்ளது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'செந்நிறக்கீழ்', 'ஊதாக்கடந்த' என்னும் சொற்கள் அதிர்வெண் வரிசையில் கீழ், மேல் என்னும் கருத்தைத் தருவதால் பொருளோடு மேலும் ஒட்டிநிற்கின்றன. ஆயினும் 'அகச்சிவப்பு' வழக்கில் வேரூன்றிவிட்டது; அதனால் அளவீட்டில் தீங்கு நேர்வதுமில்லை. நிலைபெற்ற சொல்லை மாற்றப் புகுவதினும், தீங்கு விளைக்கும் மயக்கங்களைக் களைவதே முதற்பணியாகும்.

அத்தகைய மயக்கம் திசை பற்றியது. உணரி கதிரை வெளிவிடுவதில்லை. பொருள் வெளிவிடும் கதிரை ஏற்கிறது. கையில் பிடிக்கும் கருவிகளிலிருந்து வெளிப்படும் செம்புள்ளி லேசர் ஒளியாகும். அது குறிபார்க்க உதவுவதேயன்றி அளவீட்டில் பங்கு கொள்வதில்லை. இருப்பினும் கைப்பிடியும் விசையும் உடைமையால் அக்கருவி 'துப்பாக்கி' எனப்படுகிறது. துப்பாக்கி என்னும் உருவகம் கருவியிலிருந்து பொருளை நோக்கிய திசையை உணர்த்துகிறது. உண்மைத் திசையோ இதற்கு நேர்மாறானது. 2020ஆம் ஆண்டுத் தொற்றுக் காலத்தில், நெற்றிக்கு எதிரே நீட்டப்படும் கருவியிலிருந்து கதிர் பாய்ந்து மூளையைத் தாக்கும் என்னும் வதந்தி பல நாடுகளில் பரவியது. கருவியின் பெயரும் வடிவமும் அவ்வச்சத்திற்குத் துணைநின்றன என்று கருதலாம். 'கதிர்வீச்சு' என்னும் சொல் பேச்சுவழக்கில் அணுக்கதிரையே நினைவூட்டுவதும் இத்துடன் சேர்கிறது.

எனவே 'அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி வெப்பநிலையை அளக்கும் கருவி' என்னும் விளக்கம் முற்றிலும் பிழையானது. 'பொருளிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை ஏற்று அளக்கும் கருவி' என்பதே சரியானது. ஏற்றல் என்னும் வினை ஒன்றே அச்சத்தை நீக்கப் போதுமானது. உணரி கண்ணைப் போன்றது, கைவிளக்கைப் போன்றதன்று என்று பயிற்சி நூல்களில் விளக்குவதும் பயன்தரும்.

4. திறனும் தகவும்

4.1 கருத்து

ஒரே வெப்பநிலையிலுள்ள இரு பொருள்கள் ஒரே அளவு கதிரை உமிழ்வதில்லை. தன்மேல் படும் கதிர் அனைத்தையும் உட்கவரும் கற்பனைப் பொருள் 'கரும்பொருள்' எனப்படும். குறிப்பிட்ட வெப்பநிலையில் கரும்பொருள் உமிழ்வதனோடு ஒப்பிட, மற்றொரு பொருள் எத்தனை பங்கு உமிழ்கிறது என்பதைக் காட்டும் எண் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்டது. அதற்கு அலகு இல்லை. மங்கிய கறுப்பு வண்ணப் பூச்சுக்கு அது ஏறத்தாழ 0.95, நன்கு துருவேறிய எஃகுக்கு 0.8 அளவில் அமையும். மெருகிட்ட அலுமினியத்திற்கு 0.05 அளவிற்குத் தாழும்.

'கரும்பொருள்' என்பதிலுள்ள 'கருமை' கண்ணுக்குத் தெரியும் நிறமன்று. வெள்ளை வண்ணம் பூசிய சுவரும் பனியும் நீண்ட அலை அகச்சிவப்பில் ஏறத்தாழக் கரும்பொருளாகவே ஒழுகுகின்றன. கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுவதால் குறைந்த எண்ணைப் பதித்தல் பயனாளர் செய்யக்கூடிய தவறு. கையேட்டில் இது விளக்கப்பட வேண்டும்.

4.2 சொல்

மேற்கூறிய எண்ணுக்கு 'உமிழ்திறன்' என்னும் சொல் பரவலாக ஆளப்படுகிறது. தமிழகப் பாடநூல்களில் 'திறன்' என்பது வாட் என்னும் அலகால் அளக்கப்படும் அளவிற்கும் பெயராகும். எனவே 'உமிழ்திறன்' என்றவுடன், ஒரு சதுர மீட்டர் பரப்பு இத்தனை வாட் உமிழ்கிறது என்னும் அளவையும் அது குறிக்கக்கூடும். இவ்வளவு வெப்பநிலையோடு நான்காம் அடுக்கில் பெருகும் தன்மையது. நாம் கருதும் எண்ணோ வெறும் ஒப்பீட்டுப் பங்கு. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், 'பொருள் மேலும் சூடானால் உமிழ்திறனை உயர்த்திப் பதிக்க வேண்டும்' என்னும் தவறான முடிவுக்குப் பயனாளர் வந்துவிடுவார்.

'நிகழ்தகவு', 'பாய்சான் தகவு' ஆகியவற்றில் 'தகவு' என்னும் சொல் அலகற்ற ஒப்பீட்டு எண்ணைக் குறிக்க ஆளப்படுதல் காண்க. அதனையொட்டி 'உமிழ்தகவு' என்று வழங்கினால் இம்மயக்கம் நீங்கும். 'உமிழ்திறன்' என்பதை வாட் அளவிற்கே ஒதுக்கிவிடலாம். இக்கட்டுரையில் இனி 'உமிழ்தகவு' என்பதே ஆளப்படும்.

4.3 பிழையின் அளவு

உமிழ்தகவைத் தவறாகக் கொள்வதன் விளைவை ஓர் எண்ணால் விளக்கலாம். 150 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள பளபளப்பான உலோகப் பரப்பு ஒன்றைக் கருதுவோம். அதன் உமிழ்தகவு 0.1, சுற்றுப்புறம் 30 டிகிரி. உமிழ்தகவை 0.95 எனக் கொண்டு அமைக்கப்பட்ட பொதுப்பயன் உணரியை அதன்மேல் நீட்டினால், கருவி காட்டும் எண் ஏறத்தாழ 48 டிகிரி மட்டுமே. பரப்பு தானே உமிழ்வது சிறுபங்கு. எஞ்சியது சுற்றுப்புறத்திலிருந்து வந்து எதிரொளிக்கப்படுவது. கருவி பழுதுபடவில்லை, சொன்னபடியே கணக்கிட்டிருக்கிறது. ஆனால் அவ்வெண்ணை நம்பிக் கைவைப்பவர் கை வெந்துபோகும்.

இதனைத் தவிர்க்க எளிய வழிகள் உள்ளன. பரப்பின் ஒரு பகுதியில் மங்கிய கறுப்பு வண்ணம் பூசியோ, உமிழ்தகவு தெரிந்த ஒட்டுநாடாவை ஒட்டியோ அவ்விடத்தை அளக்கலாம். வெப்ப மின்னிரட்டையால் ஓரிடத்தை அளந்து, உணரியும் அதே எண்ணைக் காட்டும்வரை உமிழ்தகவுப் பதிவை மாற்றி, அப்பதிவைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். துளையிட இடமுள்ள பொருளாயின், விட்டத்தைப் போல் ஆறு மடங்கு ஆழமுள்ள துளையின் உட்புறத்தை நோக்கலாம். கதிர் உள்ளேயே பலமுறை எதிரொளிப்பதால் அத்துளை கரும்பொருளை ஒத்திருக்கும்.

5. தேர்வின் படிகள்

5.1 அலைநீளப் பட்டை

உணரி எந்த அலைநீளங்களை ஏற்க வேண்டும் என்பதே முதல் வினா. 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான பட்டையைக் காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் பெரும்பாலும் தடுப்பதில்லை. தாழ்ந்த வெப்பநிலைப் பொருள்களின் உமிழ்வு உச்சமும் இதையொட்டியே உள்ளது. ஆதலால் தாள், உணவு, மரம், வண்ணம் பூசிய பரப்பு போன்றவற்றிற்கு இப்பட்டை ஏற்றது.

சூடான உலோகங்களுக்கு இப்பட்டை பொருந்துவதில்லை. பொதுவாக உலோகங்களின் உமிழ்தகவு குறுகிய அலைநீளங்களில் கூடுதலாக உள்ளது. மேலும், குறுகிய அலைநீளத்தில் உமிழ்தகவுப் பிழை வெப்பநிலைப் பிழையாகப் பெருகுவதும் குறைவு. எடுத்துக்காட்டாக, 1000 டிகிரி செல்சியசில் உள்ள பொருளின் உமிழ்தகவைப் பத்து விழுக்காடு தவறாகப் பதித்தால், 1 மைக்ரோமீட்டரில் அளக்கும் உணரி ஏறத்தாழ 11 டிகிரி பிழை காட்டும். 10 மைக்ரோமீட்டரில் அளப்பது 70 டிகிரிக்கு மேல் பிழை காட்டும். பயன்படும் அளவுக்குக் கதிர் கிடைக்குமாயின் குறுகிய அலைநீளத்தையே தேர்க என்பது இத்துறையின் பொதுவிதி.

கதிரை ஊடுருவவிடும் பொருள்களுக்குச் சிறப்பு விதி வேண்டும். மெல்லிய பாலித்தீன் படலத்தைப் பொதுப்பயன் உணரியால் நோக்கினால், படலத்திற்குப் பின்னாலுள்ள உருளையின் வெப்பநிலையும் கலந்து தோன்றும். 3.43 மைக்ரோமீட்டரில் கரி-ஹைட்ரஜன் பிணைப்பு கதிரை வலிமையாக உட்கவர்வதால், அங்கே மட்டும் படலம் ஒளிபுகாத் தன்மை பெறுகிறது. பாலியெஸ்டர் படலத்திற்கு இவ்வாறே 7.9 மைக்ரோமீட்டர் தேர்ந்தெடுக்கப்படுகிறது. கண்ணாடியின் மேற்பரப்பை அளக்க 5 மைக்ரோமீட்டரும், அதன் உட்பகுதியை அளக்க 1 மைக்ரோமீட்டரையொட்டிய குறுகிய அலைகளும் ஏற்றன. தீச்சுடரின் ஊடாகப் பொருளை அளக்க 3.9 மைக்ரோமீட்டர் உதவும். எனவே 'எப்பொருளை' என்பதோடு 'எத்தனை ஆழத்தில்' என்பதும் வினாவாகும்.

5.2 அளவீட்டு வட்டம்

உணரி ஒரு புள்ளியை அளப்பதில்லை. ஒரு வட்டப் பரப்பிலிருந்து வரும் கதிர் முழுவதையும் சேர்த்துச் சராசரியாக அளக்கிறது. வட்டத்தின் அளவு தொலைவைப் பொறுத்தது. தொலைவுக்கும் விட்டத்திற்கும் உள்ள தகவு 12க்கு 1 ஆயின், 600 மில்லிமீட்டர் தொலைவில் வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். அத்தொலைவிலிருந்து 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள குழாயை அளக்க முற்பட்டால், குழாயோடு அதன் பின்னாலுள்ள சுவரும் அளக்கப்படும். கருவியின் விவரக்குறிப்பில் தரப்படும் வட்டம் பெரும்பாலும் கதிராற்றலில் 90 விழுக்காட்டையே உள்ளடக்குவதால், பொருள் அவ்வட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பெரிதாயிருத்தல் நன்று.

பொருள் வட்டத்தை நிரப்பாத இடத்திலும், தூசியும் புகையும் இடைமறிக்கும் இடத்திலும் இரட்டை அலைநீள உணரி கைகொடுக்கும். அண்மையிலுள்ள இரு அலைநீளங்களில் வரும் கதிர்களின் தகவைக் கொண்டு அது வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. இரண்டும் ஒரே பங்கில் குறைந்தால் தகவு மாறாது. இரு அலைநீளங்களிலும் உமிழ்தகவு வெவ்வேறு வகையில் மாறும் பொருள்களுக்கு இம்முறை பொருந்தாது.

5.3 உணர்முனையும் வில்லையும்

உணர்முனைகள் இருவகைப்படும். கதிரால் தாம் சூடேறி, அச்சூட்டை மின்குறியாக்குபவை வெப்ப உணர்முனைகள். பல வெப்ப மின்னிரட்டைகளை அடுக்கிய அடுக்கு இவ்வகையினது. இவை எல்லா அலைநீளங்களையும் ஏற்பன. ஆயினும் விரைவு குறைந்தவை. கதிர்த்துகள்களால் நேரடியாக மின்னூட்டங்களை விடுவிப்பவை ஒளிமின் உணர்முனைகள். சிலிக்கான், இண்டியம் காலியம் ஆர்சனைடு ஆகியவற்றால் ஆனவை இவ்வகையின. விரைந்து ஓடும் கம்பியையோ தகட்டையோ அளக்க இவையே ஏற்றன. ஆயின் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட அலைநீளத்திற்குள் அடங்கியது. சிலிக்கான் ஏறத்தாழ 1.1 மைக்ரோமீட்டருக்கு அப்பால் எதனையும் உணர்வதில்லை.

வில்லையும் காப்புச் சாளரமும் உணர்முனைக்கேற்ப அமைய வேண்டும். சாதாரணக் கண்ணாடி 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான கதிரைக் கடத்துவதில்லை. எனவே கண்ணாடிச் சாளரத்திற்கு வெளியே நின்று உலையினுள்ளே உள்ளதை அப்பட்டையில் அளக்க முயல்வோர் கண்ணாடியையே அளக்கின்றனர். ஜெர்மானியம் அப்பட்டையைக் கடத்தும். ஆனால் கட்புல ஒளியைத் தடுத்துவிடும். துத்தநாக செலினைடு இரண்டையும் கடத்தும்.

6. ஓர் எடுத்துக்காட்டு: சிமெண்ட் சுழற்சூளை

மேற்கூறிய விதிகள் ஒருங்கே செயற்படுமிடம் சிமெண்ட் ஆலையின் சுழற்சூளையாகும். சற்றே சாய்ந்து படுத்த நிலையில் மெல்லச் சுழலும் நீண்ட எஃகு உருளை அது. உட்புறம் தீச்செங்கல் வேயப்பட்டிருக்கும். உள்ளே சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்த கலவை ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியசில் கிளிங்கராகிறது. வெளியே எஃகு ஓடு சில நூறு டிகிரியில் நிற்கிறது. இரண்டிற்கும் இடையே உள்ள காப்பு செங்கல் அடுக்கு மட்டுமே.

ஒரு செங்கல் பெயர்ந்தால் அவ்விடத்து எஃகு நேரடியாகச் சூடேறும். ஏறத்தாழ 400 டிகிரிக்கு மேல் எஃகின் வலிமை குறையத் தொடங்குகிறது. ஆனால் மனிதக் கண்ணுக்கு ஓடு சிவந்து தெரிவது 525 டிகிரிக்குப் பின்னரே, அதுவும் இருளில். கண் காணும்போது ஓடு வலுவிழந்து வளையத் தொடங்கியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியைக் காட்டுவதற்காகவே சூளைக்கு எதிரே அகச்சிவப்பு வரிவருடி நிறுவப்படுகிறது. சுழலும் ஆடி ஒன்றால் அது சூளையின் நீளத்தை ஒரு கோடாக நோக்குகிறது. சூளையே சுழல்வதால் கோடுகள் சேர்ந்து ஓட்டின் முழு வெப்பப் படமாகின்றன. துருவும் தூசியும் படிந்த எஃகின் உமிழ்தகவு உயர்ந்தது. ஆகவே இங்கு உமிழ்தகவுச் சிக்கல் குறைவு. ஒரு செங்கல்லின் அளவைப் பிரித்தறியும் அளவுக்கு அளவீட்டு வட்டம் சிறிதாக இருத்தலே முதன்மையானது. வட்டம் பெரிதாயின் சூடான சிறு பகுதி சுற்றியுள்ள குளிர்ந்த பகுதியோடு சராசரியில் கரைந்துவிடும்.

அதே சூளையின் உள்ளே எரிபகுதியை அளப்பதற்கு இவ்வுணரி பயன்படாது. அங்கே வெப்பநிலை மிக உயர்ந்தது, தூசி அடர்ந்தது, பார்வை அடிக்கடி மறைக்கப்படுகிறது. குறுகிய அலைநீளத்தில் இயங்கும் இரட்டை அலைநீள உணரி அங்கே வேண்டப்படுகிறது. தூசியே சூடேறி உமிழ்வதால், அவ்வுணரி தரும் எண்ணையும் முடிந்த முடிபாகக் கொள்ளாமல் ஏற்ற இறக்கத்தின் போக்கை அறியவே இயக்குநர் பெரிதும் பயன்படுத்துகின்றனர். ஒரே எந்திரத்தின் இரு பக்கங்களுக்கு இரு வேறு உணரிகள் தேவைப்படுவது, 'சிறந்த உணரி' என ஒன்று இல்லை, 'பொருத்தமான உணரி' என்பதே உண்டு என்பதற்குச் சான்றாகும்.

7. மொழிபெயர்ப்பில் கருதத்தக்கன

கீழ்வரும் வாக்கியங்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

(1) அளக்கவேண்டிய புள்ளியில் கருவியின் ஒளி படுமாறு பிடிக்கவும்.
(1அ) அளவீட்டு வட்டம் முழுவதும் அளக்கவேண்டிய பரப்பிற்குள் அடங்குமாறு கருவியைப் பிடிக்கவும்.

முதல் வாக்கியம் லேசர் புள்ளியையே அளவீட்டிடமாக உணர்த்துகிறது. குழாயின்மீது செம்புள்ளி படுவதைக் கண்டு பயனாளர் நிறைவடைந்துவிடுவார். சுவரும் சேர்ந்து அளக்கப்படுவதை அறியார். 'புள்ளி' என்னும் சொல்லுக்குப் பரப்பில்லை என்பதே இங்குள்ள இடர்.

(2) பொருளுக்கேற்பக் கருவியின் உமிழ்திறனை மாற்றவும்.
(2அ) பொருளின் உமிழ்தகவு எண்ணைக் கருவியில் பதிக்கவும்.

'கருவியின்' என்னும் ஆறாம் வேற்றுமைத் தொடர், உமிழ்வது கருவியே என்று பொருள்படுகிறது. திசை மயக்கமும் தகவு மயக்கமும் இவ்வொரு வாக்கியத்திலேயே சேர்ந்துள்ளன. (2அ) பண்பைப் பொருளுக்கும் பதிவைக் கருவிக்கும் உரிமையாக்குகிறது.

(3) கருவியின் துல்லியம் 0.1 டிகிரி.
(3அ) கருவி காட்டும் மிகச்சிறு எண்வேறுபாடு 0.1 டிகிரி, பிழையெல்லை கூட்டல் கழித்தல் 2 டிகிரி.

'துல்லியம்' என்னும் ஒரே சொல் உண்மை மதிப்பை அண்மித்தல், மீண்டும் அளந்தாலும் ஒத்துவருதல், எண்களின் நுண்மை ஆகிய மூன்றிற்கும் ஆளப்படுகிறது. கருவி வாங்குவோர் இம்மூன்றையும் தனித்தனியே அறிதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் 48 டிகிரி என்றே காட்டும் கருவி ஒத்துவருவதில் குறைவற்றது. உண்மை 150 டிகிரியாயின் அதனால் பயனில்லை.

'சாளரம்' என்னும் சொல்லும் இருபொருள் பட வருவது. காற்று தடுக்காத அலைநீளப் பட்டை ஒன்று. உலைச் சுவரிலுள்ள காப்புத் திறப்பு மற்றொன்று. ஒரே கையேட்டில் இரண்டும் வருமாதலால் 'வளிமண்டலச் சாளரம்', 'காப்புச் சாளரம்' என அடைகொடுத்து வழங்குதல் நன்று.

எண்களை மாற்றும்போதும் கவனம் வேண்டும். ஃபாரன்ஹீட் அளவில் 9 டிகிரி பிழையெல்லை என்பது செல்சியசில் 5 டிகிரி பிழையெல்லையாகும். வெப்பநிலையை மாற்றும் வாய்பாட்டை வேறுபாட்டிற்கும் பயன்படுத்தி 32ஐக் கழித்தால் பொருளற்ற எதிரெண் கிடைக்கும். 'வெப்பம்' என்பதற்கும் 'வெப்பநிலை' என்பதற்கும் உள்ள வேறுபாடு பேச்சுவழக்கில் பேணப்படுவதில்லை. கையேட்டில் பேணப்பட்டாக வேண்டும். 'வெப்பநிலை வேறுபாடு' என்பதை மூன்றாவது கருத்தாகவே கொள்ளுதல் நலம்.

8. முடிவுரை

உணரியைத் தேர்பவர் கேட்க வேண்டிய வினாக்கள் சிலவே: பொருள் எது? அதன் உமிழ்தகவு எவ்வளவு? வெப்பநிலையின் எல்லைகள் யாவை? பொருளின் அளவும் தொலைவும் என்ன? எவ்வளவு விரைவில் எண் தேவை? இடையே என்ன உள்ளது? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்தபின் அலைநீளமும் வட்டமும் உணர்முனையும் தாமே அமையும்.

மொழிபெயர்ப்பாளர் கேட்க வேண்டியனவும் இவற்றோடு ஒட்டியவையே: கதிர் எங்கிருந்து எங்குச் செல்கிறது? எண் அளவைக் குறிக்கிறதா, தகவைக் குறிக்கிறதா? அளக்கப்படுவது புள்ளியா, பரப்பா? திசை, தகவு, பரப்பு என்னும் இம்மூன்றும் தெளிவுபட்டால் எச்சொல்லை ஆண்டாலும் பெரும்பிழை நேராது. இவை தெளிவுபடாதவிடத்து, எத்துணைச் செம்மையான சொல்லாக்கமும் பயன்தராது. கலைச்சொல் அகராதி ஒரு சொல்லுக்கு நேரே மற்றொரு சொல்லைத் தரும். அச்சொல்லைக் கொண்டு கருவியை அமைக்கப்போகும் தொழிலாளியின் கை அவ்வகராதியில் இல்லை. அதனை நினைவில் இருத்துதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.